எடுக்காத சீட்டு

இரண்டு சீட்டிலும் நான் ஒரே சொல்லைத்தான் எழுதினேன். ஒன்றில் 'போ' என்றும் மற்றதில் 'வேண்டாம்' என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் 'வேண்டாம்' என்று எழுதினேன். என் வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஒரு பெண் முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கடவுளின் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தப் பதிலை நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, என் பேனாவால் எழுதி, நாலாக மடித்து முடித்திருந்தேன்.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊர்ச் சபைக்கு இருபது வருஷம் மூப்பராக இருந்தேன். போதகருக்கு ஐந்து ஊர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும் பிரசங்கம் செய்வதும் நான்தான். எனக்குக் குரல் நன்றாக இருக்கும். அது எனக்கே தெரியும் என்பதுதான் அதிலிருந்த கோளாறு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒரு முடிவு எடுக்க முடியாமல் திண்டாடினால் மூப்பரிடம் வந்து சீட்டுப் போடச் சொல்வார்கள். ஒரே தாளைக் கிழித்து இரண்டு துண்டாக்கி, இரண்டு பதில்களையும் மூப்பர் எழுதுவார். மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்து ஜெபம் செய்வார். அந்தக் காரியத்தால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஓர் ஆள் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். எடுத்த சீட்டுதான் கடவுளின் சித்தம். எடுக்காத சீட்டை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது கடவுளைச் சந்தேகப்படுவதற்குச் சமம் என்று சொல்வோம். இந்தக் கடைசி விதியை உண்டாக்கியவன் நானில்லை. ஆனால் அதை எல்லோரையும்விடக் கண்டிப்பாகக் காப்பாற்றியவன் நான்.

ஆழ்துளைக் கிணறு எங்கே போடுவது, கரும்பு நடுவதா நெல்லா, பையனை ஐடிஐயில் சேர்ப்பதா வேண்டாமா என்று எல்லாவற்றுக்கும் சீட்டுக் கேட்டு வந்தார்கள். அந்த ஒரு நாளுக்கு முன்பு நான் எந்தச் சீட்டிலும் ஏமாற்றியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அத்தனை சீட்டை நேர்மையாக எழுதிய பேர் இருந்ததால்தான் இந்த ஒன்றை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த நேர்மையையும் இப்போது நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு முறை ஒருவர் தன் நிலத்தில் கிழக்கு மூலையா மேற்கு மூலையா என்று கேட்டு வந்தார். கிழக்கு மூலையில் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து நிலம் என் சித்தப்பாவுடையது, அங்கேயும் அதே தண்ணீர்தான். ஆனாலும் சீட்டுப் போட்டேன். கிழக்கு என்று வந்தது. தோண்டினார், உப்புத் தண்ணீர் வந்தது. "ஆண்டவரு சோதிக்கறாரு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரிந்ததை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லி, அது தப்பாகப் போனால் பழி என் மேல் வரும். சீட்டு சொன்னால் யார் மேலும் வராது. இதைத்தான் நாங்கள் தேவ ஞானம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை வரும், அதுவும் குழறலாக. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் புரியும். நாற்பது வருஷம் கூட இருந்தவன் என்பதால் வாயசைவை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். வருகிறவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன். மூன்றாம் மாதம் இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. முதலில் ஒரு ரூபாய் அகலம், அப்புறம் உள்ளங்கை அகலம்.

அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவள்தான் நான் சொல்லும் பெண். கரியமாணிக்கத்துக்காரி. நர்சிங் படித்துவிட்டு வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். அவளும் அவள் அம்மாவும் எங்கள் சபை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் ஊர் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் இல்லை. வேலை முடிந்து ஸ்கூட்டரில் அத்தனை தூரம் சுற்றிக்கொண்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, நேராகக் கட்டிலுக்குப் போவாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இது தன் ஊழியம் என்று அவளாகவே சொன்னாள்.

"இன்னாம்மா, இன்னைக்கு சார் உங்கள ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிப் போட்டாரா, இல்ல பிரசங்கம் எழுதிகினு ஒக்காந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் போர்வையை விலக்குவாள்.

என் மனைவி பாதி வாயால் சிரிப்பாள்.

"சிரிக்கறதப் பாத்தாலே தெரியுது. சார், பிரசங்கம் கெடக்குது. மொதல்ல ஆளத் திருப்புங்க."

அவள் புண்ணைத் திறக்கும்போது நான் வாசலுக்குப் போய்விடுவேன். எனக்கு அந்த நாற்றம் தாங்காது. சலைனால் கழுவி, செத்த தசையை எடுத்து, மருந்து வைத்துக் கட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் உள்ளே பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பேசுவது அவள் மட்டும்தான். ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலவே இருக்கும்.

கொரோனா ஊரடங்குக்கு முந்தைய வருஷம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கட்டுப் போட்டு முடித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"சார், மஸ்கட்டுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஐசியூவுல. இன்டர்வியூல்லாம் முடிஞ்சிருச்சு, வரச் சொல்லிட்டாங்க. திங்கக்கெழமைக்குள்ள பதில் போடணும்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா அழுவுது சார். போன்னும் சொல்லல, போவாதன்னும் சொல்லல. சாரக் கேளு, சாரு ஆண்டவரக் கேக்கட்டும்ங்குது."

"உனக்கு?"

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எனக்கு ரொம்ப ஆசை சார். நர்சிங் சேந்த நாள்லேந்து ஐசியூன்னா ஆசை. அதான் பயமா இருக்குது. என் ஆசையத் தூக்கி ஆண்டவரு சித்தம்னு வெச்சிக்கினு போயிடக் கூடாது பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. பிரசங்கத்தில் பல தடவை சொன்னது. சொந்த ஆசையைக் கண்டால் பயப்படும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு நல்ல மருத்துவமனை, அவளுக்குப் பிடித்த வேலை, அதற்கேற்ற திறமை. இதற்கு எதற்குச் சீட்டு? போய் வா என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு இரவு டியூட்டி என்பதால் வரவில்லை. கட்டை நானே மாற்ற வேண்டியிருந்தது. பாதி பிரித்ததும் பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது என் மனைவி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாக ஒரு துணியைச் சுற்றி ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். மனைவிமேல் இருந்த அன்பினால்தான் அந்தப் பெண்ணைப் போகவிடவில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது பொய். அந்தப் புண்ணில் என் கை பட வேண்டியிருக்கும் என்பதால்தான் போகவிடவில்லை.

சனிக்கிழமை முதலில் சரியாகத்தான் எழுதினேன். 'போ' என்று எழுதிய துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதே தாளிலிருந்து இன்னொரு துண்டு கிழித்தேன். அதிலும் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

"அம்மா எடுக்கட்டும்" என்று என் மனைவியின் கட்டிலைக் காட்டினேன்.

முழங்காலில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். "அம்மாவா சார்? அவங்களுக்கு இதுல..."

"படுக்கையில இருக்கறவளுக்கு இந்த உலகத்துல என்ன லாபம் இருக்கு? அவளைவிட ஆண்டவருக்குப் பக்கத்துல இருக்கறவங்க யாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கேட்க வந்தது சரியான கேள்வி. அதை என் நல்ல குரலால் அடக்கினேன். ஜெபம் செய்தேன். சாலமோனைப் போல ஞானம் தாரும் என்று கேட்டேன். அந்தப் பெயரையும் விட்டுவைக்கவில்லை. என் மனைவி இடது கையை நீட்டி ஒரு சீட்டை எடுத்தாள். அந்தப் பெண் வாங்கிப் பிரித்தாள். படித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தாள்.

"சரி சார்."

கட்டில் பக்கம் திரும்பி, "நாளைக்கு வரேம்மா. வெந்நீ வெச்சு வெக்கச் சொல்லுங்க" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

வழியனுப்ப கேட் வரைக்கும் போனேன். திரும்பி வந்தபோது வேதபுத்தகம் கட்டிலில் சாய்ந்து கிடந்தது. என் மனைவியின் மார்பின்மேல் இரண்டாவது சீட்டு பிரிந்து கிடந்தது. ஒரு கையாலும் பல்லாலும் பிரித்திருக்கிறாள். தாள் ஓரம் ஈரமாக இருந்தது.

"ரெண்டும்" என்றாள்.

"உனக்காகத்தான்" என்றேன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். நான் சீட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து தினமும் ஒரு சொல் சொல்ல ஆரம்பித்தாள். "சொல்லு." காலையில் கஞ்சி ஊட்டும்போது சொல்வாள். பிறகு ஜெபம் செய்ய நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்வாள். உட்காருவதைக் குறைத்துக்கொண்டேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றை அடுத்த மாதம் செய்தேன். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "சீட்டு... சீட்டு..." என்று சொல்ல ஆரம்பித்தாள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது அவளுக்கு. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசினாள். அந்தப் பெண் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார், அம்மா இன்னாமோ சீட்டுன்னு சொல்றாங்க. இன்னான்னு புரியல."

நான் உள்ளே போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். "நீ போகாம இங்கயே இருக்கறது ஆண்டவர் செஞ்ச தயவுன்னு சொல்றா. அவளுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து என் மனைவியின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "எனக்கும் சந்தோஷம்தாம்மா" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு "சொல்லு" என்று சொல்வதையும் விட்டுவிட்டாள். நான் ஜெபம் செய்ய உட்கார்ந்தால் முகம் சுவருக்குப் போய்விடும்.

கொரோனா வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்ப முடியாமல் தவித்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. "பாத்தியா, ஆண்டவரு உன்ன எப்படித் தடுத்து வெச்சாரு" என்று சபையில் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். ஊரடங்கு முடிந்து சபைக் கோயில் திறந்த முதல் மாதம், தேவ ஞானத்தைத் தேடுவது என்ற தலைப்பில் நான் பிரசங்கம் செய்தேன். அவளுடைய சீட்டுக் கதையைச் சொன்னேன். மனுஷ ஆசை போ என்றது, தேவ ஞானம் வேண்டாம் என்றது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த அவள் தலையசைத்தாள். ஆராதனை முடிந்து வந்தவர்கள் என் கையைப் பிடிக்கக் கூடாது என்பதால் தூரத்திலிருந்தே கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குள் அவள் தனியார் வேலையை விட்டுவிட்டு எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். என் மனைவிக்கு அது பக்கம் என்பதும் ஒரு காரணம். அடுத்த வருஷம் மழைக் காலத்தில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். கடைசி நாள் அவள் பிடித்திருந்தது அந்தப் பெண்ணின் கையை. எனக்குக் கிடைத்தது அவளுடைய இன்னொரு கை, உணர்ச்சி இல்லாத கை.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இரண்டு வருஷம். அவள் தானாக வந்து கேட்டிராவிட்டால் சாகும் வரை சொல்லியிருக்க மாட்டேன்.

"சார், இன்னொரு தபா சீட்டுப் போடணும்" என்று வந்தாள். "கடலூர்லேந்து ஒரு மாப்ள. மொத சம்சாரம் செத்துட்டாங்களாம். நல்ல வேலை. எனக்கு ஒன்னும் புரியல. போன தபா மாரி ஆண்டவரையே கேட்டுட்டா நிம்மதி."

சனிக்கிழமை வா என்றேன். அவள் போனதும் அன்று ராத்திரியே தாளைக் கிழிக்க உட்கார்ந்தேன், கிழிக்க முடியவில்லை. மறுநாள் பஸ் பிடித்துப் போதகரைப் பார்க்கப் போனேன். அவருக்கு என் வயதில் பாதிதான். எல்லாவற்றையும் சொன்னேன். சபை முன்னால் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சார், இதுல கொஞ்சம் ஞானமா நடந்துக்கணும். இத்தன வருஷம் கழிச்சு சொன்னா அந்தப் பொண்ணோட விசுவாசமே ஆட்டம் கண்டுடும். சபைக்கும் கெட்ட பேரு. நீங்க தனியா ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்க இல்ல, அது போதும்."

திரும்பி வரும் வழியில், வில்லியனூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலாக இருக்கிறதே என்றுதான் முதல் முறையாக எனக்கு என் மேல் அருவருப்பு வந்தது. அவர் நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர் சொன்ன ஞானத்துக்கும் நான் இருபது வருஷமாகப் பரிமாறிய ஞானத்துக்கும் ஒரே நாற்றம். யாருக்கும் நோகாமல், பழி எதுவும் நம் மேல் வராமல், கடவுளின் பெயரைச் சொல்லி வாயை மூடிக்கொள்வது.

சனிக்கிழமை அவள் வந்து முழங்காலிடப் போனபோது, நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"ரெண்டுலயுமா?" என்றாள்.

"ரெண்டுலயும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்ப அவங்க என் கையப் புடிச்சிக்கினு சீட்டு சீட்டுன்னு சொன்னது..."

"அதைத்தான் சொன்னா."

அவள் காலி கட்டிலைப் பார்த்தாள். "வாய் செத்துப் போன மனுஷி. இருந்த கொஞ்சத்தையும் நீங்க புடுங்கிக்கினீங்க."

கட்டிலைப் பார்த்தபடியே மேலே பேசினாள்.

"கூடப் படிச்சவளுங்க அங்கேந்து ஃபோட்டோ அனுப்புவாளுங்க சார். பாக்கும்போதெல்லாம், ஆண்டவரு நமக்கு வேற இன்னாமோ வெச்சிருக்காரு, அதான் வேணாம்னுட்டாருன்னு சொல்லிக்குவேன். இன்னா வெச்சிருக்காருன்னு இத்தன வருஷமாத் தேடிகினே இருந்தேன். கெடைக்கலன்னு அவர்மேல கோவப்பட்டிருக்கேன். கோவப்பட்டதுக்கு அழுது மன்னிப்புக் கேட்டிருக்கேன். கடசீல பாத்தா அது நீங்க வெச்சது."

"என்னை மன்னிச்சுடும்மா."

"அத இப்ப கேக்காதீங்க. கேட்டா குடுத்தே ஆவணும்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கீங்க." எழுந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம கோயில்ல சொல்லுங்க. எந்த எடத்துல நின்னு என் கதைய பிரசங்கம் பண்ணீங்களோ, அங்க நின்னு."

சொன்னேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை, குரலை ஏற்றி இறக்கவும் இல்லை. முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "சார், சம்சாரத்து மேல இருந்த பாசத்துல பண்ணிட்டீங்க. யாரும் பண்றதுதான். வுடுங்க." இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்காகத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். இதென்ன கல் நெஞ்சு என்பது போலச் சிலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாசம் இல்லை" என்றேன் சத்தமாக. "நாத்தம் தாங்கல எனக்கு. என் மனைவி உடம்பிலிருந்து வந்த நாத்தம் எனக்குத் தாங்கல. அந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் வேணும்னு அந்தப் பொண்ணைக் கட்டிப்போட்டேன். பேரு மட்டும் கடவுளோட பேரு."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு மூப்பர் பதவியை விட்டேன். போதகர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தேன். மஸ்கட் மருத்துவமனையின் முகவரியைத் தேடி எடுத்து, நல்ல ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நடந்தது என் தவறு, அவளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று கேட்டு, அவள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தேன். அவர்கள் அவளையே கூப்பிட்டு, யார் இந்த மனிதர் என்று விசாரித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்கவில்லை.

"திரும்பவும் என்னக் கேக்காம எனக்கு இன்னா வேணும்னு நீங்களே எழுதி அனுப்பிட்டீங்க இல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்கூட்டர் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. பரிகாரம் என்று நினைத்துச் செய்ததும் மூன்றாவது சீட்டாகத்தான் போயிருந்தது.

இதற்கிடையில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கோயிலில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

"சார், பொண்ணுக்கு நெட்டப்பாக்கத்துல ஒரு எடம் வந்துகீது. ஒரு சீட்டு..."

"இன்னுமா?"

"இப்ப பயந்திருப்பீங்க. இனிமேல கரெக்டா எழுதுவீங்க."

சீட்டுப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பையன் என்ன வேலை செய்கிறான், குடிப்பானா, அந்த வீட்டில் போய் யாராவது விசாரித்தார்களா, பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அதெல்லாம் போய்க் கேக்கறதுன்னா உங்ககிட்ட இன்னாத்துக்கு சார் வரணும்?" என்று சலித்துக்கொண்டு எழுந்தார். பாதி வழி போனவர் திரும்பி வந்து, "குடிப்பானான்னு யாரக் கேட்டா தெரியும்?" என்றார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரின் பெயரைச் சொன்னேன்.

போன வருஷம் என் வலது காலில் புண் வந்தது. சர்க்கரை. பெருவிரலுக்குக் கீழே, ஆறாத புண். சுகாதார நிலையத்துக்குப் போனேன். கட்டுக் கட்டும் அறையில் அவள்தான் இருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். "அடுத்த ஆளு" என்று கூப்பிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கையுறை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் செய்வது போலக் கழுவினாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். எல்லோரையும் கேட்பது போலத்தான். பழக்கதோஷத்தில் நான் கண்ணை மூடி ஜெபத்துக்கு உதட்டை அசைத்தேன்.

"கண்ணத் தொறங்க. கால எப்படிக் கட்டறேன்னு பாருங்க."

வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து மாதம். வேறெதுவும் பேசியதில்லை. ஒரு நாள் கட்டி முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த வாரத்துலேந்து வேற சிஸ்டர் வருவாங்க. நான் பெங்களூரு போறேன். ஐசியூ."

ஆண்டவரைக் கேட்டாயா என்ற கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அவளாகவே சொன்னாள்.

"முழங்கால்ல நின்னேன். புத்தி குடுன்னு கேட்டேன். அப்புறம் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனப் போட்டு, டூட்டி எத்தினி மணி நேரம், தங்கறதுக்கு எடம் உண்டா, அம்மாவக் கூட்டியாரலாமான்னு எல்லாத்தையும் கேட்டேன். கடலூர் மாப்ளைக்கும் நானே போனப் போட்டேன். வேலைய வுடணும்னாரு. வேணாம்னுட்டேன்."

"நல்லதும்மா."

"நல்லதா இல்லையான்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும்." பஞ்சு, பேண்டேஜ், மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் மடியில் வைத்தாள். "இனிமே தெனம் நீங்களே கட்டணும். பழகிக்குங்க. நாத்தம் வந்தா மூக்கப் பொத்தாதீங்க. நாத்தம் எப்படி மாறுதுன்னு பாத்தாத்தான் புண்ணு ஆறுதா அழுகுதான்னு தெரியும். அம்மாவுக்கு நான் அப்படித்தான் பாத்தேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கிறேன். என் மனைவி படுத்திருந்த அதே கட்டில். முதல் வாரம் குமட்டியது. இப்போதும் சில நாள் குமட்டும். மூக்கைப் பொத்துவதில்லை. குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். நேற்றைவிட இன்று கொஞ்சம் குறைவு போலத் தோன்றுகிறது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, நாளைக்கும் பார்க்க வேண்டும்.